குத்திப் பார்க்காத மூடை

சம்மாந்துறையில் என் மச்சானின் அரிசி ஆலைக்கு நெல் வந்து இறங்கினால், ஒவ்வொரு மூடையிலும் குத்தூசி ஏற்றி மணியெடுத்து ஈரம் பார்ப்பார்கள். சொந்தக்காரர் மூடையை மட்டும் குத்துவதில்லை. குத்தினால் அடுத்த கலியாணத்துக்கு அழைப்பு வராது.

நான் எழுதிய நிரலும் அந்தச் சலுகையில்தான் உள்ளே போனது. ஈரமானியைக் கணினியோடு இணைப்பது அதன் வேலை. குடியிருப்பு கேர்னலில், அதாவது இயங்குதளத்தின் அடிவயிற்றில். அங்கே ஒருவர் தடுக்கினால் வீடே விழும். இருபது வருடம் சி மொழியில் பழகிய கை என்பதால் மச்சான் ஒன்றும் கேட்கவில்லை. நானும் ஒன்றும் சோதிக்கவில்லை. அறுவடை நேரத்தில் யாரோ ஈரமானியின் வயரில் கால் தடுக்கி அதைப் பிடுங்கிவிட, கணினி செத்தது. திருப்பிக் கொடுத்துவிட்ட நினைவகத்தை என் நிரல் மறுபடி போய்த் தொட்டிருக்கிறது, வீட்டைக் காலி செய்தவன் பழைய சாவியோடு குசினிக்குள் நுழைவதுபோல. வாசலில் டிரக்டர்கள் வரிசையாக நின்றன.

"அடுத்த போகமும் இப்பிடிண்டா, நான் பழையபடி பல்லால கடிச்சி ஈரம் பாக்கிறன் மச்சான்," என்றார் ஆலைக்கார மச்சான். கோபமில்லாமல் சொன்னதுதான் சுட்டது.

இந்தத் தவறையே தடுக்கவென்று வந்த ரஸ்ட் மொழியைப் பற்றிப் படித்திருந்தேன். பிறருக்கு உபதேசமும் செய்திருந்தேன். இப்போது எழுத உட்கார்ந்தேன். முதலில் கேர்னலையே அதன் ஆதரவோடு புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது. பிறகு, எழுதியதைச் சரிபார்த்துக் கணினி மொழிக்கு மாற்றும் கம்பைலர் என்னைக் குடைந்தது: இந்த நினைவகம் இப்போது யார் கையில்? ஐம்பது வயதில் இப்படி விசாரிக்கப்பட்டதில்லை. மூன்றாம் நாள் குறுக்குவழி கண்டேன். 'அன்சேஃப்' என்று எழுதிவிட்டால், இது என் பொறுப்பு என்று எழுத்தில் கொடுத்ததாகும். சில கேள்விகளைக் கம்பைலர் விட்டுவிடும். பழைய நிரலை ஏறக்குறைய முழுதாக அதற்குள் இறக்கினேன். ஒரு முணுமுணுப்பில்லை. மனம் குளிர்ந்து, வீட்டிலேயே வயரைப் பிடுங்கிப் பார்த்தேன். செத்தது.

புது மொழிக்குள்ளும் நான் சொந்தக்காரனாகத்தான் நுழைந்திருக்கிறேன்.

எல்லாவற்றையும் அழித்து எழுதினேன். கேர்னலோடு நேரே பேசும் இரண்டு இடங்களில் மட்டும் அந்த 'அன்சேஃப்' மிஞ்சியது; ஏன் அது தகும் என்று மேலே குறிப்பும் வைத்தேன்.

ஆலைக்குக் கொண்டுபோனபோது மச்சான் தேத்தண்ணி சொல்லிவிட்டு, "நீங்க செஞ்சா சரியாத்தானே இரிக்கும்," என்றார்.

"இல்ல மச்சான். வயர நீங்களே புடுங்குங்க."

"ஒங்கட முகத்துக்கு முன்னாலயா?"

"ஓம். வேல செய்யக்குள்ளயே புடுங்குங்க."

கூச்சத்தோடு பிடுங்கினார். திரையில் எண் மறைந்தது, கணினி உயிரோடிருந்தது. செருகினார், மறுபடி பிடுங்கினார். ஏழாவது தடவையில் கூச்சம் போய்விட்டது.

"இன்னும் பலமா இழுக்கவா?" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை, திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.