காட்டுக்கோழி போட்டுத் தந்த தகரம்

போன ஞாயிற்றுக்கிழமை என் தங்கச்சி பார்வதியின் காம்பராக் கூரைக்குப் புதுத் தகரம் போட்டார்கள். யார் புண்ணியத்தில்? ஒரு காட்டுக்கோழி புண்ணியத்தில்.

சிரிக்காதீர்கள். நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

எங்கள் தோட்டம் நமுனுகுல மலைப்பக்கம். உச்சியில் பழைய துரை பங்களா. யுத்தம் நின்று சமாதானம் பேச ஆரம்பித்த பிறகு ஒரு கொழும்புக் கம்பெனி அதை எடுத்து, சுற்றுலா வருகிறவர்கள் தங்கும் இடமாக்கியது. நான் அங்கே வாச்சர். கேட் திறப்பேன். பெட்டி தூக்குவேன். இங்கே என்ன பார்க்கலாம் என்று கேட்டால் சொல்வேன்.

சொல்லவே வேண்டாம். வராந்தாவில் நின்றாலே எல்லாம் தெரியும். தேயிலை. மாரியம்மன் கோவில். கீழே ஆறு... நடுவில் எங்கள் லயம் – தோட்டத்து ஆட்களின் வரிசை வீடு.

அதுதான் சிக்கல்.

லயம் இரண்டு வரிசை. குடும்பத்துக்கு ஒரு அறை; அதைத்தான் காம்பரா என்போம். முன் வரிசைக் காம்பராக்களும் பின் வரிசைக் காம்பராக்களும் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும். கூரை ஒன்றுதான். ஒரு சரிவு பங்களாவைப் பார்க்கும். மற்றது ஆற்றைப் பார்க்கும். நான் முன் வரிசை. பார்வதி பின் வரிசை. புருஷன் கொழும்பில் கடையில் நிற்கிறான். இவளுக்கு அப்போது தலைப்பிள்ளை வயிற்றில்.

ஆவணியில் ஒரு கொழும்பு ஐயாவும் அம்மாவும் வந்தார்கள். சொந்த ஊர் யாழ்ப்பாணம். ஐயா பெரிய உத்தியோகம். கழுத்தில் கேமரா. அம்மா வராந்தாவில் நின்று என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, இஞ்ச வாரும். அங்க கீழ கறள் பிடிச்ச தகரம் கிடக்கு. எந்தப் பக்கம் போட்டோ எடுத்தாலும் அது விழுகுது. என்ன அது?"

"எங்க வீடுங்கம்மா."

"ஓ..." அம்மா கொஞ்சம் யோசித்தார். "பச்சைப் பெயின்ற் அடிச்சா தேயிலையோட சேர்ந்திடும் எல்லோ?"

கெட்ட மனசு இல்லை. கண்ணுக்கு உறுத்தியதைச் சொன்னார். மேனேஜரிடமும் சொன்னார்.

ஒழுகாத தகரம் கேட்டு என் அப்பா காலத்திலிருந்து தொழிற்சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறோம். வரவில்லை. பெயின்ட் வந்த வேகம் இருக்கிறதே! லொறி நின்றது. பெயின்டர் ஏறினார். மேனேஜர் வராந்தாவில் நின்று கை காட்டினார் – இங்கே தெரிகிறது, அங்கே தெரிகிறது என்று. முன் சரிவு பச்சையானது. முகட்டுக்கு வந்ததும் பெயின்டர் இறங்கிவிட்டார்.

பார்வதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுற்றி வந்து பெயின்டரைக் கேட்டாள்.

"ஏண்ணே, எங்க பக்கம் அடிக்கலையா?"

"அந்தப் பக்கம் பங்களாவுக்குத் தெரியாதேம்மா."

"மழைக்குத் தெரியுமே!"

பெயின்டர் என்ன செய்வார்? வாளியைக் கழுவினார்.

ஐப்பசி மழை வந்தது. பெயின்ட் ஓட்டையை அடைக்குமா? பச்சையாக ஒழுகியது. முன் வரிசை ஆட்கள் கூரைமேல் நீல பிளாஸ்டிக்கை விரித்துக் கல் வைத்தார்கள். பங்களாவில் இருந்தவர்களுக்கு அதுவும் உறுத்தியது. புகார் போனது. அடுத்த வாரமே முன் சரிவுக்குப் புதுத் தகரம்! பச்சை நிறத்திலேயே.

பின் வரிசையும் நீல பிளாஸ்டிக் விரித்தது. யார் பார்த்தார்கள்? காற்று மட்டும் பார்த்தது. தூக்கிக்கொண்டு போய் ஆற்றில் போட்டது.

"என் காம்பராவுக்கு வந்துடு" என்றேன்.

"ஏற்கெனவே ஆறு பேர். எங்க, உங்க தலைமேலயா படுக்க? புள்ள பொறந்து வர்றப்ப ஒரு காய்ஞ்ச இடம் இருந்தாப் போதும்ணே" என்றாள்.

ஒரு மூலை மட்டும் ஒழுகாமல் இருந்தது. அதில் பாயைச் சுருட்டி வைத்திருந்தாள். அவள் அங்கே படுக்கவில்லை. பிள்ளைக்காம்.

ஒரு நாள் மலைத் தண்ணீர் விழும் பீலியில் எல்லோரும் தண்ணீர் பிடிக்கும்போது சங்கத்துத் தலைவர் முனியாண்டி ஆறுதல் சொன்னார்.

"கூரை ஒழுகுறது பிரச்சினை இல்ல பார்வதி. ஒழுகுறதை யாரும் பார்க்கலங்கறதுதான் பிரச்சினை."

"அப்ப கூட்டிட்டு வாங்க."

"யாரை?"

"பங்களாவுக்கு வர்றவங்களத்தான். எங்க பக்கமும் சுத்திக் காட்டுங்க."

"எதைக் காட்டுறது? நீ சட்டியில தண்ணி ஏந்துறதையா?"

பீலியே சிரித்தது. பார்வதி சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"அண்ணே, வர்றவங்க காலையில எந்திரிச்சதும் உங்ககிட்ட என்ன கேட்பாங்க?"

"மிருகம் இருக்கா, பறவை இருக்கான்னு."

"எங்க பக்கத்துப் புதர்ல காட்டுக்கோழி கத்துது. கேட்டிருக்கீங்களா?"

எனக்கு விளங்கியது.

மறுநாளிலிருந்து பின் வாசலில் குறுநொய் இறைத்தாள். தான் கஞ்சி காய்ச்ச வைத்திருந்த நொய். முதலில் காக்கை வந்தது. பிறகு தலைவர் வீட்டுக் கோழி வந்தது. விரட்டினாள். தலைவர் சண்டைக்கு வந்தார். அவரையும் விரட்டினாள். கடைசியில் காட்டுச் சேவல் வந்தது – சிவப்புக் கழுத்து, கொண்டையில் மஞ்சள். நல்ல எடுப்பு.

கார்த்திகையில் அதே ஐயாவும் அம்மாவும் மறுபடி வந்தார்கள். அம்மா பச்சைக் கூரையைப் பார்த்துத் திருப்திப்பட்டார். ஐயா என்னிடம் வந்தார்.

"வாச்சர், மிருகம் ஏதும் பார்க்கலாமோ?"

"காட்டுக்கோழி இருக்குங்க. லயத்துக்குப் பின்னால."

ஐயா கேமராவோடு வந்தார். புதருக்கு எதிரே குந்தினார். சேவலும் வந்தது. சம்பளம் வாங்குகிற மாதிரி நின்று போஸ் கொடுத்தது. ஐயாவுக்கு வாயெல்லாம் பல்.

பிறகு மழை பிடித்தது. அதை நாங்கள் ஏற்பாடு செய்யவில்லை.

ஐயா பார்வதியின் காம்பராவுக்குள் ஓடினார். அவள் முக்காலி போட்டாள். பால் விடாத தேயிலைச் சாயத்தண்ணி கொடுத்தாள். ஐயா குடிக்கத் தூக்கும் முன்பே கோப்பையில் ஒரு சொட்டு. முக்காலியை நகர்த்தினார். தலையில் ஒரு சொட்டு. மறுபடி நகர்த்தினார். கேமராவைச் சட்டைக்குள் அணைத்துக்கொண்டார்.

"ஒரு காய்ஞ்ச இடம் இல்லையோ பிள்ளை?"

பார்வதி சுருட்டி வைத்த பாயை எடுத்தாள். மூலையைக் காட்டினாள்.

"கேமராவ இங்க வைங்க சார். புள்ளைக்குன்னு வச்சிருக்கேன். இது ஒழுகாது."

வைத்தார். பெரிய மழை. அன்றைக்கு அந்த மூலையும் ஒழுகியது.

பார்வதி அந்த மூலையையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஐயா கேமராவைப் பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு பேருக்கும் முகம் ஒரே மாதிரி இருந்தது.

அன்று மாலை பங்களாவில் பெரிய சத்தம். விலை உயர்ந்த கேமரா! கம்பெனி பொறுப்பு! விருந்தாளி பறவை பார்க்கிற இடத்தில் கூரை இப்படியா? மேனேஜர் தலையைக் குனிந்துகொண்டு "சொறி சேர், சொறி சேர்" என்றார். கேமரா ஈரமானது பற்றி ஐயா நிறையப் பேசினார். அந்த மூலை யாருக்கு என்பது பற்றி அவர் பேசி நான் கேட்கவில்லை. அதை மட்டும் பேசியிருந்தால் தகரம் வந்திருக்குமோ என்னவோ... எனக்குச் சந்தேகம்தான்.

ஞாயிற்றுக்கிழமை தகரம் வந்தது. பின் வரிசை முழுவதற்கும். வாசலில் ஒரு போர்டும் நட்டார்கள் – பறவை பார்க்கும் இடம் என்று.

செவ்வாய்க்கிழமை பதுளை ஆஸ்பத்திரியில் பார்வதிக்குப் பெண் பிள்ளை பிறந்தது. வியாழன் வீட்டுக்கு வந்தாள். அன்றும் மழை. காம்பராவின் நடுவில் பாயை விரித்துப் பிள்ளையைப் போட்டாள். மேலே பார்த்தாள். சட்டி எதுவும் வைக்கவில்லை.

ஆனால் பார்வதிக்கு நிம்மதி நிற்காது. கொழுந்து பறிக்கிற வேலைக்குத் திரும்பும்போது பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். தாய்மார் மலையில் நிற்கும்போது ஆயா பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம் அது. அந்தக் கூரையும் ஒழுகுகிறது. அதுவோ மலைக்கு மறுபக்கம். பங்களாவுக்குத் தெரியாது.

நேற்று அவள் என்னிடம் கேட்டாள்: "அண்ணே, வர்றவங்க காட்டுக்கோழியை விட எதுக்கு அதிகமா ஓடி வருவாங்க?"

சிறுத்தைக்கு என்று சொல்லிவிட்டேன். அதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.