பாண்டியர் படை சேர்த்த பஷீர் அண்ணன்

பஷீர் அண்ணன் இன்று காலையில் இறந்துவிட்டார். ஹார்ட் அட்டாக். அடக்கம் முடிந்து இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன்...

ஃபேக்டரி ஆட்களுக்கு அவரைத் தெரியும். கப்பலூரில் ரப்பர் கம்பெனி, குவாலிட்டி செக்‌ஷன். நான் ஸ்டோர்ஸ். பதினோரு வருஷம் ஒரே பஸ்ஸில் போய் வந்தோம்.

மற்றவர்களுக்குத் தெரியாதது எங்கள் ஞாயிற்றுக்கிழமை. விரல் உயரப் படைவீரர் பொம்மைகளை வாங்கி, பெயின்ட் அடித்து, மேசையில் அணிவகுக்க வைத்து, பகடை உருட்டிப் போர் ஆடுவோம். திருமங்கலத்தில் ஒரு டியூஷன் சென்டர் மாடி. மொத்தமே நாலு பேர்.

இந்தப் பைத்தியம் பிடித்தால் பெரும்பாலும் முதலில் ரோமானியப் படையைத்தான் வாங்குவார்கள். நானும் அப்படித்தான். எல்லோருக்கும் ஒரே சிவப்புக் கேடயம், ஒரே டிரெஸ்... பெயின்ட் அடிப்பது சுலபம். வரிசையாக நிறுத்தினால் கெத்து.

ஜெயித்தே ஆக வேண்டும் என்பவர்களுக்கு மங்கோலியர். குதிரையில் வந்து அம்பு விட்டுவிட்டு ஓடிவிடலாம். கலர்ப் பிரியர்களுக்குக் கவசம் போட்ட ஐரோப்பியக் குதிரை வீரர்கள். எழுமலையிலிருந்து வரும் மாரிமுத்து வாத்தியார் அந்த ரகம்... ஒரு குதிரையின் மேல்துணிக்கே ஒரு வாரம் எடுத்துக்கொள்வார்.

பஷீர் அண்ணன் சேர்த்தது பாண்டியர் படை.

அப்படி ஒன்று எங்கள் கண்ணுக்கு எந்தக் கடையிலும் சிக்கவில்லை. வெளிநாட்டு லிஸ்டில் பொதுவாக ‘இந்தியப் படை’ என்று இருக்கும். யானை, வில்லாளி, முடிந்தது. அண்ணன் அதை வாங்கி, தலைப்பாகையை அரத்தால் தேய்த்து எடுத்துவிட்டு, களிமண் மாதிரி இறுகும் பசையை உருட்டிக் கொண்டை வைப்பார். கொடியில் ரெட்டை மீன். ஒரு மீன் அரிசி அளவுகூட இருக்காது.

“ரோமன் வாங்குனா ரெடிமேடா வந்துரும். இம்புட்டுப் பாடு எதுக்குண்ணே?” என்று கேட்டிருக்கிறேன்.

“மதுரைல பொறந்துட்டு ரோமாபுரிக்காக நான் எதுக்கு மாப்ள சண்டை போடணும்?”

படைக்குப் பின்னால் ஒரு பாசறை வைக்க வேண்டும் என்பது ஆட்டத்தின் விதி. நாங்களெல்லாம் ஒரு கூடாரத்தை நட்டதோடு விட்டுவிடுவோம். அண்ணன் கூடாரத்துக்கு முன்னால் இரண்டு அரபு வியாபாரிகளை நிறுத்தி, அவர்கள் கையில் ஆறு குதிரைகளைக் கொடுத்திருந்தார். கப்பலில் பாண்டியருக்குக் குதிரை கொண்டுவந்தவர்கள்.

“இவுகளும் படைதான் மாப்ள. குதிரை வரலேன்னா ராசா நடந்துல்ல போகணும்.”

அடிக்கடி தோற்பார். அம்பு பட்டால் யானை மிரண்டு சொந்த ஆட்களையே மிதிக்கும், அதுவும் விதி. தோற்ற பிறகு ஒவ்வொரு பொம்மையாக எடுத்துத் துணியில் துடைத்துப் பெட்டியில் வைப்பார். அவசரப்பட்டு நான் பார்த்ததில்லை.

மூன்று வருஷம் இருக்கும். புதிதாக ஒருவர் சேர்ந்தார். பெயர் வேண்டாம். நல்ல மனிதர்தான், இப்போதும் சொல்கிறேன். வந்த இரண்டாவது வாரம், அண்ணன் படையைக் குனிந்து பார்த்துவிட்டு சிரித்துக்கொண்டே சொன்னார்:

“பாய், நீங்க சுல்தான் படையத்தானே சேர்க்கணும். இது எங்க படை.”

மாரிமுத்து வாத்தியார் பகடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சிரித்தேன்.

ஜோக் என்று சிரித்தேனா, சங்கடத்தில் சிரித்தேனா... தெரியவில்லை. சத்தமாகத்தான் சிரித்தேன். அண்ணன் அந்த ஆளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

ஆட்டத்தைப் பாதியில் விடவில்லை. கடைசிவரை ஆடினார், அன்றைக்கு ஜெயித்தார் வேறு. பொம்மைகளைத் துடைத்து அடுக்கினார். “வாரேன் மாப்ள” என்று சொல்லிப் படியிறங்கினார்.

அதற்குப் பிறகு அவர் வரவில்லை.

கேட்டால், “ஞாயித்துக்கிழம சோலி இருக்கு.” பஸ்ஸில் எப்போதும்போலப் பக்கத்தில்தான் உட்கார்ந்தார். சுகர் மாத்திரை, மகள் காலேஜ், சூப்பர்வைசர்... எல்லாம் பேசினார். பொம்மைகளைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை.

நாலைந்து மாசம் கழித்து நானே ஆரம்பித்தேன். “அண்ணே, அன்னைக்கு அவரு அப்படிச் சொன்னது தப்புதான்...”

ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார். “அது எனக்குப் பழகுனது மாப்ள. ஊருக்குள்ள எம்புட்டோ கேட்டாச்சு. நீ சிரிச்சதுதான்...”

முடிக்கவில்லை. கப்பலூர் ஸ்டாப் வந்துவிட்டது. இறங்கினோம். மன்னிப்பு என்ற வார்த்தை என் வாயில் அன்றும் வரவில்லை, அடுத்த நாளும் வரவில்லை. பிறகு அந்தப் பேச்சே வரவில்லை.

இன்று வீட்டு வாசலில் அவர் மகள் சுமையா என்னைப் பார்த்து அழுதாள். கொஞ்சம் அடங்கியதும் அவளே சொன்னாள்.

“ஒங்க ஆட்டத்துப் பொம்மையெல்லாம் இங்க இல்ல மாமா. அத்தா அப்பவே வித்துட்டாக. சென்னைல யாரோ வந்து வாங்கிட்டுப் போனாக.”

“எப்பம்மா?”

“அது ஆச்சு மாமா, மூணு வருஷம். ஒங்ககிட்ட சொல்லலையா?”

இல்லை என்று தலையாட்டினேன். மூன்று வருஷம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்திருக்கிறார்...

கபர்ஸ்தானில் அந்த மனிதரும் வந்திருந்தார். கர்சீப்பைத் தலையில் கட்டிக்கொண்டு கடைசியில் நின்றார். எல்லோரும் மண் போட்டு நகர்ந்த பிறகு, என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்.

“பாய்க்கு எம்மேல எதுவும் வருத்தம் இருந்துச்சாண்ணே?”

“ஒங்க மேல இல்ல” என்றேன்.

நல்லபடியாப் போங்க, பஷீர் அண்ணே.