மாமா ஜெயித்த ஞாயிற்றுக்கிழமை

எங்கள் குடும்பத்தில் எல்லாம் தெரிந்தவர் மாமா ஒருவர்தான். அதை அவரே சொல்வார். அம்மாவின் அண்ணனான அவர் குருசுக்குப்பத்தில் விசைப்படகு ஓட்டியவர். கடலில் ஓடும் இன்ஜினைப் பார்த்தவனுக்கு ரோட்டில் ஓடும் இன்ஜின் எம்மாத்திரம் என்பது அவர் கட்சி. அப்பாவோ பஞ்சாலையில் இருபது வருடம் மிஷின்களைப் பழுது பார்த்தவர். இருவரும் குழம்பில் உப்பு கூடவா குறைவா என்பதில்கூட ஒத்துப்போனதில்லை.

ஆலையை மூடியதும் அப்பா ஒரு பழைய கார் வாங்கினார். ஊர் சுற்ற வருகிறவர்களை நோணாங்குப்பம் படகுத்துறைக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவரும் தொழில். காருக்கு என்னைவிட வயது அதிகம். ஆனாலும் நெல்லித்தோப்பில் எங்கள் சந்துக்குள் வந்த முதல் கார் அதுதான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த வருடம் ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். நாலாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். எதைச் செய்தாலும் மிச்சம் வைக்காமல் செய்கிற ரகம் நான். சக்கரம், ஸ்டீயரிங், ஹாரன், ஜாக்கி, ஸ்பேனர், பெட்ரோல் மூடி என்று ஒன்று விடாமல் சந்தனத்தை அப்பி, மேலே குங்குமம் வைத்தேன். காரைக் கல்யாணப்பெண் போல் ஆக்கிவிட்டேன் என்று அப்பா சிரித்தார்.

மறுநாளே வண்டி மக்கர் செய்ய ஆரம்பித்தது. கொஞ்ச தூரம் நன்றாகப் போகும். பிறகு திணறி நின்றுவிடும். எத்தனை முறை சாவியைத் திருப்பினாலும் கிளம்பாது. இரண்டு சவாரிகள் பாதி வழியில் இறங்கி ஆட்டோ பிடித்துப் போயின. இரண்டு முறையும் மாமா மொபெட்டில் வந்தார். பெட்ரோல் மூடியைத் திறந்து, "பெட்ரோல் இருக்கு" என்று அறிவித்துவிட்டு மூடினார். பிறகு பிளக்கைக் கழற்றித் தேய்த்து மாட்டினார். வண்டி உடனே கிளம்பியது. பிளக்தான் காரணம் என்று அவர் தீர்ப்புச் சொல்ல, அப்பா புதுப் பிளக் வாங்கினார். அதற்குப் பிறகும் வண்டி நின்றது.

"நம்பி ஏறனவங்கள நடுரோட்டுல எறக்கி உட்றது எனக்குக் கூசுது," என்றாள் அம்மா. "ஞாயித்துக்கெழம எல்லாரும் நோணாங்குப்பம் போயிட்டு வரலாம். வழியில நின்னா வித்துடலாம்."

விற்றால் அப்பாவுக்குக் காத்திருந்தது ஒரு லாட்ஜ் வாசலில் காவல் வேலை. மாமா அதையும் பேசி வைத்திருந்தார், காரை வாங்க ஆளையும் பிடித்து வைத்திருந்தார். அப்பா சனிக்கிழமை முழுக்கக் காரைத் துடைத்தார். பொட்டுகளை மட்டும் தொடவில்லை. வைத்த பொட்டை யாராவது அழிப்பார்களா? அது தானாக உதிர வேண்டும்.

அரியாங்குப்பம் தாண்டியதும் கார் நின்றது.

அம்மா இறங்கிப் போய் ஒரு வேப்பமர நிழலில் நின்றாள். மாமா இறங்கிக் காரை ஒரு சுற்று சுற்றி வந்தார். "இது இன்ஜின் கோளாறு இல்ல மாப்ளே. கண்ணு பட்டிருக்கு," என்று சொல்லிவிட்டு எலுமிச்சம்பழம் வாங்கக் கடை தேடிப் போனார்.

அப்பா பானெட்டைத் தூக்கினார். ஆலையில் நூல் அறுந்தால் வந்த வழியே பின்னால் போய்த் தேடுவார்களாம். அப்படித்தான் தேடினார். பிளக்கில் நெருப்புப் பொறி வந்தது. கார்பரேட்டருக்கு வரும் ரப்பர் குழாயைப் பிடுங்கிப் பார்த்தார், சொட்டுப் பெட்ரோல் இல்லை. டேங்கில் பாதிக்கு மேல் இருந்தது. அப்பா பின்பக்கம் போய் மூடியைத் திருகினார். உஸ்ஸென்று ஒரு சத்தம் கேட்டது. காற்று உள்ளே போகிற சத்தம்.

அவர் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அதற்கு முன் ஒருநாளும் அவர் என்னை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

"பாப்பா, அந்த ஊக்கக் குடு."

பாவாடையில் குத்தியிருந்த ஊக்கைக் கொடுத்தேன். மூடியின் நடுவில் குத்தி எதையோ நோண்டினார், வாய் வைத்து ஊதினார். ஊக்கின் நுனியில் மஞ்சளும் சிவப்புமாய் ஏதோ ஒட்டியிருந்தது. வேட்டியில் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். பெட்ரோல் வெளியே போகப் போக டேங்குக்குள் காற்று வர வேண்டும், அதற்காகத்தான் மூடியில் அந்தச் சின்னத் துளை என்பதெல்லாம் நான் வெகுநாள் கழித்துத் தெரிந்துகொண்டது.

மாமா நாலு பழத்தோடு வந்து சக்கரத்துக்கு ஒன்றாக வைத்தார். அப்பா அவற்றை நசுக்கிக்கொண்டு வண்டியை எடுத்தார். நோணாங்குப்பம் போய், படகு பார்த்து, வீடு வந்து சேரும்வரை கார் எங்கும் நிற்கவில்லை.

"இன்னாதான் ஆச்சாம் வண்டிக்கு?" என்று அம்மா கேட்டாள்.

"மச்சான் சொன்னதுதான். கண்ணு பட்டிருக்கு," என்றார் அப்பா.

எனக்குப் பொறுக்கவில்லை. பின்சீட்டில் மாமா மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். "பொய்! அப்பாதான் என் ஊக்க வெச்சி பெட்ரோல் மூடிய..." என்று ஆரம்பித்தேன்.

"நீ கம்முனு இரு," என்றார் அப்பா. அவர் என்னை அதட்டியது அதுதான் முதல் தடவை. அன்று ராத்திரி நான் அவரோடு பேசவில்லை. ஜெயித்த மனுஷன் இப்படித் தோற்றுப்போவாரா என்று ஆத்திரமாக வந்தது.

காரை விற்கிற பேச்சு அதோடு நின்றது. மாமா அந்த நாலு எலுமிச்சம்பழத்தை வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா ஒருமுறைகூட மறுக்கவில்லை.

அடுத்த ஆயுத பூஜைக்கும் சந்தனக் கிண்ணம் என் கைக்கே வந்தது. சக்கரம், ஸ்டீயரிங், ஹாரன் எல்லாம் முடித்துப் பெட்ரோல் மூடிக்கு வந்தபோது, "இதுக்கு மட்டும் நான் வெக்கிறேன்," என்று அப்பா என் விரலைப் பிடித்து நிறுத்தினார். ஓரமாக, கடுகளவு வைத்தார். என் கை ராசியில்லாத கை என்று அப்பா நினைத்துவிட்டார் என்று, அம்மாவின் முந்தானைக்குள் முகத்தை வைத்து வெகுநேரம் அழுதேன்.