குளக்கரைக் கூடாரம்

என் சித்தப்பா மகள் மேல் எனக்கு வந்ததைப் பொறாமை என்று மட்டும் சொன்னால் போதாது. வயிறு பற்றி எரிந்தது. எனக்கு ஏழு வயது, அவளுக்கும் அதே வயதுதான். ஆனால் அவளிடம் கூடாரம் இருந்தது.

குற்றாலத்தில் சாரல் விழுந்துகொண்டிருந்த நாட்கள். அருவியில் குளிக்கப் போகிறோம் என்று வீட்டில் சொல்லிவிட்டு, அம்மா என்னைத் தென்காசியிலிருந்து மாட்டுவண்டியில் கூட்டிப்போனாள். அருவிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நேரே சித்திரசபைக்குப் பக்கத்திலிருந்த குளக்கரைக்குப் போனோம். மரத்தடியில் பட்டாளத்துப் பச்சையில் ஒரு கூடாரம். பட்டாளத்திலிருந்து லீவில் வந்திருந்த சித்தப்பா, "வாங்க மைனி" என்று அம்மாவைப் பார்த்து எழுந்து நின்றார். அம்மா முந்தானைக்குள் மறைத்து வைத்திருந்த தூக்குச்சட்டியை நீட்டினாள். உள்ளே உளுந்தஞ்சோறு. திறந்து பார்த்த சித்தப்பா கைகூடக் கழுவாமல் ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டார்.

சித்தி புனலூர்ப் பக்கத்து வேதக்காரி; கழுத்துச் சங்கிலியில் சிலுவை தொங்கியது. அன்றுதான் அவள் முகத்தை முதலில் பார்த்தேன். "மோளே, சாயா குடிக்கியா?" என்று இனாமல் கப்பில் ஊற்றித் தந்தாள். அவள் மகளோ என்னை இழுத்துக்கொண்டு போய், சித்திரசபைச் சுவரில் இருந்த ஓவியங்களை ஒவ்வொன்றாகக் காட்டினாள், சொந்த வீட்டுச் சுவர் மாதிரி. உள்ளூர்க்காரி எனக்கே காட்டுகிறாள், பாருங்கள். பிறகு கூடாரத்துக்குள் படுத்து உருண்டோம். மேலே சாரல் பொடுபொடுவென்று விழுந்தது. தினமும் இங்கேதான் தூங்குகிறாளாம்.

"எங்க அப்பா சின்னப்பிள்ளையில படுத்த கட்டில் உங்க வீட்டுல கிடக்கா?" என்று கேட்டாள்.

"கிடக்கு. நான்தான் அதுல படுக்கேன்."

அவள் சட்டென்று முகத்தைத் திருப்பிப் படுத்துக்கொண்டாள். கூடாரக்காரிக்கு அவ்வளவு திமிர் என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பும்போது வண்டியில் அழுதேன். நமக்கு மட்டும் ஏன் கூடாரம் இல்லை?

"தாத்தா அவங்கள வெளிய போகச் சொல்லிட்டாவல்லா. பெறகு வெளியதானட்டி கிடக்கணும்" என்றாள் அம்மா. "வீட்டுல போய் மூச்சுக் காட்டிராத."

ஆக, எல்லாம் தாத்தாவின் வேலை. சித்தப்பா கடைக்குட்டி, தாத்தாவுக்குச் செல்லம் என்று எல்லாரும் சொல்வார்கள். அதனால்தான் அவரை மட்டும் அனுப்பியிருக்கிறார். இது சுத்த ஓரவஞ்சனை.

சாயங்காலம் தாத்தா சாப்பிட உட்கார்ந்தார். அம்மா அதே உளுந்தஞ்சோற்றை இலையில் வைத்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"சித்தப்பாவ மட்டும் வெளிய போகச் சொன்னியளே தாத்தா. எங்களையும் சொல்லுங்க. நாங்களும் குளத்தங்கரையில கூடாரம் போட்டு இருந்துக்கிடுதோம்."

அம்மாவின் கரண்டி அப்படியே நின்றது. தாத்தா திட்டவில்லை. பிசைந்த சோற்றில் கையை வைத்தபடி என்னைப் பார்த்தார்.

"அங்கன ஒரு பிள்ள இருக்காமே. உன் உசரம் இருப்பாளா?"

"என்னவிட ஒரு விரல் கூட" என்றேன், வேண்டாவெறுப்பாக.

தாத்தா இலையை மடக்கிவிட்டு எழுந்து போய்விட்டார். கூடாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் கேட்டது என்ன, அவர் விசாரித்தது யாரை? தாத்தாவும் அவள் கட்சிதான் என்று, சித்தப்பாவின் கட்டிலில் குப்புறப் படுத்துத் தேம்பித் தேம்பி அழுதேன்.