வேன் சித்தி நாக்கை நீட்டினாளா?

பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிற ஒரு மனிதருக்கு, அது முழுவதும் போவதற்கு முன்னால் எதைக் காட்ட வேண்டும்? எங்கள் தெரு வேன் சித்தி ஒரு நாள் என்னிடம் இதைக் கேட்டாள். கடல், மலை என்று ஏதோ உளறினேன். "அதெல்லாம் அவரு நிறையப் பாத்துட்டாரு" என்று சொல்லிவிட்டு, சித்தி வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள். பதிலை அவளே தேடிக் கண்டுபிடித்தாள்.

சித்தி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். வேனில் ஏறுகிற பிள்ளைகள் சித்தி என்று கூப்பிட, அவர்களைப் பார்த்துப் பெற்றவர்களும் அப்படியே கூப்பிட, இப்போது முச்சந்தியில் நிற்கிற போக்குவரத்துப் போலீஸ்காரர்கூட "சித்தி, வண்டியைக் கொஞ்சம் முன்னால எடுங்க" என்கிறார். ஒன்றை நினைத்துவிட்டால் முடிக்காமல் விடமாட்டாள். "எங்கம்மாவுக்கு ரிவர்ஸ் கியரே கிடையாது" என்று அவள் மகள் அடிக்கடி சொல்வாள்.

சித்தியின் வீட்டுக்காரர் நில அளவை அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தெருவில் அவருக்கு அளவுகாரர் என்று பெயர். அவருக்குக் கண்ணில் ஒரு நோய். எதை நேராகப் பார்க்கிறாரோ அது மட்டும் புகைபோல மங்கிவிடும். ஓரங்களில் இருப்பது ஓரளவு தெரியும். சித்தி எதிரில் வந்து நின்றால், "உன் காது ரெண்டும் நல்லா இருக்கு. நடுவுல ஆளைத்தான் காணோம்" என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஆனால் கண் மருத்துவர் சிரிக்கவில்லை. "புகை இன்னும் பெரிசாகும். எதையாவது பாக்கணும்னு ஆசை இருந்தா தள்ளிப்போடாதீங்க. பெரிசா, வெளிச்சமா வெச்சுப் பாருங்க" என்றார்.

அன்று வீடு திரும்பும் வழியில் சித்தி கேட்டாள். "என்னங்க பாக்கணும் உங்களுக்கு?"

அளவுகாரர் யோசிக்கவே இல்லை. "உன் நாக்கு."

இருவருக்கும் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே நடக்கிற வழக்கு இது. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் மைதானத்தில் சித்தி வேன் ஓட்டப் பழகிக்கொண்டிருந்த காலம். பக்கத்து நிலத்தை அளக்க வந்த அளவுகாரர், அலுவலகக் கேமராவில் மிச்சமிருந்த பிலிமில் அவளை ஒரு படம் எடுத்தார். வேன் ஜன்னல் வழியாக அவள் தன்னைப் பார்த்து நாக்கை நீட்டினாள் என்பது அவர் கட்சி. அந்த நாக்கைப் பார்த்த பிறகுதான் பெண் கேட்டு அவள் வீட்டுக்கே போனாராம். "நானாவது நாக்கை நீட்டுறதாவது, நான் அப்பவே பொறுப்பான ஆளு" என்பது சித்தியின் கட்சி. படம் பிரிண்ட் போடப்படவே இல்லை. கல்யாணமாகாத பெண்ணின் படத்தை ஸ்டுடியோவில் கொடுத்தால் யார் யாரோ பார்ப்பார்களே என்று அப்போது பயந்தார். கல்யாணத்துக்குப் பிறகு படத்துக்கு என்ன அவசரம்? நெகட்டிவ் பரணில் ஒரு தகரப் பெட்டிக்குள் போய்விட்டது.

சித்தி அன்றைக்கே பரணில் ஏறினாள். பெட்டியில் பழைய ஆல்பங்கள், அட்டைச் சட்டம் போட்ட ஸ்லைடுகள், உறைக்குள் துண்டு துண்டாக நெகட்டிவ்கள். தேடிய துண்டு கிடைத்தது. ஜன்னலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். கறுப்பு வெள்ளைப் பிலிம். நெகட்டிவில் எல்லாமே தலைகீழ் நிறம் அல்லவா, முகம் கறுத்து, முடி நரைத்து, சித்தியே ஒரு பேய் மாதிரி தெரிந்தாள். வாய் கடுகளவுதான். அதில் நாக்கு இருக்கிறதா இல்லையா என்று யாரால் சொல்ல முடியும்?

மகள் தன் அலுவலகத்துக்கு எடுத்துக்கொண்டு போய் அங்கிருந்த ஸ்கேனரில் வைத்துப் பார்த்தாள். கன்னங்கரேலென்று ஒரு பட்டை வந்தது. பிறகு போனில் படம் எடுத்து, நிறத்தைத் திருப்பி, டிவியில் பெரிதாக்கினார்கள். முகம் சதுரம் சதுரமாக உடைந்தது. அளவுகாரர் தலையைச் சாய்த்து ஓரக்கண்ணால் பார்த்தார்.

"இது என்ன, நாக்கா செங்கல்லா?"

"அம்மா, விட்டுடும்மா" என்றாள் மகள்.

"வீட்டுலயே ஒரு ஸ்கேனர் வாங்கிடலாம்" என்றாள் சித்தி.

காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, நெகட்டிவ் உறையைக் கைப்பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனாள். கம்ப்யூட்டர் சாமான்கள் விற்கும் பெரிய கடை. சீருடை போட்ட விற்பனைப் பெண் ஓடி வந்து முதலில் ஒல்லியான ஒரு ஸ்கேனரைக் காட்டினாள்.

சித்தி மூடியைத் தூக்கிப் பார்த்தாள். உள்பக்கம் வெறும் வெள்ளை அட்டை. "இதுல வெளிச்சம் எங்கேருந்து வரும்?"

"கீழேருந்து ஆண்ட்டி."

"காகிதத்துக்குச் சரி. பிலிமுக்கு வெளிச்சம் அந்தப் பக்கத்துலேருந்து ஊடுருவி வரணும்மா. ஜன்னல்ல வெச்சுப் பாக்கிற மாதிரி. இதுல வெச்சாக் கறுப்புப் பட்டைதான் வரும். ஒரு தடவை பட்டாச்சு."

பெண் அடுத்து டப்பா போல ஒரு சின்னக் கருவியைக் காட்டினாள். பிலிமுக்கென்றே செய்தது, ஒரு பக்கம் சொருகினால் மறுபக்கம் படம் வந்துவிடும். சித்தி தன் துண்டைச் சொருகச் சொன்னாள். வந்த படத்தைப் பெரிதாக்கச் சொன்னாள். மறுபடியும் செங்கல். அதுவும் போக, ஆல்பத்திலிருக்கிற படங்களை அந்த டப்பாவுக்குள் எப்படித் திணிப்பது?

பிறகுதான் மூடிக்குள்ளேயே விளக்கு வைத்த ஸ்கேனர்கள் வெளியே வந்தன. ஸ்லைடும் நெகட்டிவும் மாட்டுவதற்குப் பிளாஸ்டிக் சட்டங்கள் கூடவே இருந்தன. இரண்டு வகை. ஒன்றின் பெட்டி முழுக்கப் பெரிய பெரிய எண்கள்.

"இதுல எவ்வளவு நுணுக்கமா எடுக்கும் தெரியுமா ஆண்ட்டி? மத்ததைவிட மூணு மடங்கு" என்றாள் பெண்.

"என் வேன் மீட்டர்ல நூத்தி அறுபதுன்னு போட்டிருக்கு. எண்பதைத் தாண்டினா கதவு கழண்டு கையோட வந்துடும். இந்த எண்ணு லென்ஸ் நிஜமாவே பாக்கிறதா, சும்மா போட்டதா?"

பெண் குனிந்து பெட்டியின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தாள். குரல் கொஞ்சம் இறங்கியது. "லென்ஸ் பாக்கிறது இதைவிடக் கம்மிதான். மிச்சத்தைக் கம்ப்யூட்டர் நடுவுல நிரப்பிக்கும்."

"எதை வெச்சு நிரப்பும்?"

"அக்கம்பக்கத்துல இருக்கிறதைப் பாத்து... இப்படித்தான் இருக்கும்னு ஒரு கணக்குல."

"அது சரிப்படாது. அது நிரப்பின நாக்கைக் கொண்டுபோய் அவர்கிட்ட நான் காட்ட முடியுமா?"

எந்த நாக்கு என்று அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. சித்தி முழுக் கதையையும் சொன்னாள். பக்கத்தில் கீபோர்டு பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் நின்று கேட்டார்கள். கேட்ட பிறகு பெண்ணே உற்சாகமாகி, காட்சிக்கு வைத்திருந்த மற்றொன்றை இயக்கிக் காட்டினாள். அதன் பெட்டியில் எண் சிறியது; ஆனால் அவ்வளவும் லென்ஸ் பார்ப்பது. மெதுவாகத்தான் நகர்ந்தது. பிலிம் துண்டில் வேறொரு படம், நிலம் அளக்கிற கோலோடு ஒருவர். கோலின் மேல் இருந்த கோடுகளைக்கூட எண்ணலாம் போலிருந்தது.

"தூசியைத் தானாவே நீக்குற வசதியும் இருக்கு ஆண்ட்டி."

"இதையே கட்டிக் குடு. நாக்குப் படத்தை இங்க எடுக்க வேண்டாம். அவரு முன்னாலதான் எடுக்கணும்."

மறுநாள் வேலை முடிந்து வந்ததும் மேஜையைத் துடைத்து ஸ்கேனரை வைத்தார்கள். மகள் கம்ப்யூட்டரை டிவியோடு இணைத்தாள். சித்தி துண்டின் ஓரத்தை மட்டும் பிடித்துச் சட்டத்தில் மாட்டினாள். எல்லா வசதிகளையும் போட்டுவிட்டார்கள். படம் வந்தது. வேன் ஜன்னல், பின்னல், தோள். பெரிதாக்கினார்கள். உடையவில்லை. வாய் மூடி, மழமழவென்று இருந்தது.

"பாத்தீங்களா" என்றாள் சித்தி. "நாக்கும் இல்ல, கீக்கும் இல்ல."

அளவுகாரர் தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"சரி. நீதான் சரி" என்றார். சற்றுக் கழித்து, "அப்போ எதைப் பாத்துட்டு நான் உங்க வீட்டுக்கு வந்தேன்?" என்றார். யாரிடமும் கேட்டது மாதிரி இல்லை.

சித்தி வேனைக் கழுவப் போனாள். ஜெயித்தவள் பாட்டுப் பாடிக்கொண்டு கழுவியிருக்க வேண்டும். பாட்டு வரவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து டிவியை மறுபடி பார்த்தாள். அண்ணனின் சட்டையை மேலே போட்டுக்கொண்டுதான் அப்போதெல்லாம் ஓட்டப் போவாள். சட்டையில் அவளே தைத்த பெரிய வெள்ளைப் பட்டன்கள் உண்டு. படத்தில் ஒரு பட்டன்கூட இல்லை. அந்த இடங்கள் எல்லாம், வாய் மாதிரியே, மழமழவென்று தேய்ந்திருந்தன.

கடைப் பெண்ணுக்குப் போன் போட்டாள்.

"உங்களது கறுப்பு வெள்ளைப் பிலிம்தானே ஆண்ட்டி? அச்சச்சோ. அதுக்கு அந்தத் தூசி நீக்குற வசதியைப் போடவே கூடாது. பிலிம்ல படமா இருக்கிறதையே தூசின்னு நினைச்சு அழிச்சிடும். நான் சொல்லியிருக்கணும்."

மகள் கேட்டுக்கொண்டிருந்தாள். "விடும்மா. அப்பாவே ஒத்துக்கிட்டாரு. நீதான் ஜெயிச்சிட்டியே."

"பட்டன் இல்லாத சட்டையோட ஜெயிக்கணுமா நான்?" என்றாள் சித்தி. "அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியுதே. எந்திரி, அந்த வசதியை அணை."

இந்த முறை ரப்பர் குமிழை அமுக்கிக் காற்றடித்துத் தூசியை ஊதினாள். கண்ணாடியைத் துடைத்தாள். ஸ்கேனர் மறுபடி மெல்ல நகர்ந்து முடித்தது. டிவியில் சட்டைப் பட்டன்கள் வரிசையாக வந்தன. அதற்கு மேலே, சந்தேகத்துக்கு இடமில்லாமல், நாக்கு.

"வந்து உக்காருங்க" என்று அவரைக் கூப்பிட்டாள். "முதல்ல காட்டினது தப்புப் படம்."

வாய் மட்டும் திரை முழுக்க வரும்படி பெரிதாக்கினாள். ஓரக்கண்ணில் படும்படி அவர் முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டார்.

"கொஞ்சம் இடது பக்கம் தள்ளு. இன்னும். அங்கேயே நிறுத்து."

பிறகு அவர் தோள் குலுங்கச் சிரித்தார். "பாத்தியா."

"பாத்தேன். ஆனா அது உங்களைப் பாத்து நீட்டினது இல்ல. ரிவர்ஸ் எடுக்கும்போது எனக்கு நாக்கு தானா வெளிய வரும். வேன்ல எந்தப் புள்ளையை வேணா கேட்டுப் பாருங்க."

மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "இவங்களுக்கு ரிவர்ஸ் கியரே இல்லன்னு ஊரெல்லாம் சொல்லிட்டிருந்தேனே."

அளவுகாரர் விடவில்லை. "ரிவர்ஸ் எடுக்கிறவ கண்ணு கண்ணாடியைப் பாக்கும். கண்ணைக் காட்டு."

சித்தி படத்தை மெல்ல மேலே நகர்த்தினாள். அவள் கை ஓரிடத்தில் நின்றுவிட்டது. இரண்டு கண்களும் திரை முழுக்க நின்றன. கண்ணாடியை அவை பார்க்கவில்லை. நேராக, கேமராவைப் பிடித்துக்கொண்டு நின்றவரையே பார்த்தன.

"எங்க பாக்குது?" என்று கேட்டார். நடுவில் இருந்ததால் அவருக்குத் தெரியவில்லை.

சித்தி படத்தை ஓரத்துக்குத் தள்ளினாள். "நீங்களே பாத்துச் சொல்லுங்க."

அவர் பார்த்தார். வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். கை மட்டும் பக்கத்தில் துழாவிச் சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டது.

இப்போது தினமும் வேலை முடிந்து வந்து, பெட்டியில் மிச்சமிருப்பதை ஒவ்வொன்றாக எடுத்துத் திரையில் போடுகிறாள் சித்தி. பாதிக்கு மேல் நிலமும் கல்லும்தான். அவர் சலிக்காமல் பார்க்கிறார்.

பரணில் பிலிம் பெட்டி வைத்திருக்கிற யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், இந்தக் கதையை அவர்களுக்குச் சொல்லுங்கள். ஸ்கேனர் வாங்கப் போகிறவர்களை மூடியைத் தூக்கி விளக்கு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கறுப்பு வெள்ளை என்றால் அந்தத் தூசி வசதியை அணைக்கச் சொல்லுங்கள். யாருக்காக வாங்குகிறார்களோ அவர் பார்க்க முடிகிறபோதே வாங்கச் சொல்லுங்கள்.