சுவரோரம் இரண்டு பெட்டிகள்

கணவர் போனபோது அவள் அழவில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓரக்கண்ணால் அவளை நோட்டம் விட்டார்கள். "கல்லு மாதிரி நிக்கிறாளே" என்று நாத்தனார் காதுபடவே சொன்னாள். அவள் அதையும் கேட்டுக்கொண்டு நின்றாள். மனசு மரத்துப்போன கால் மாதிரி இருந்தது. லீவு முடிந்ததும் ஆஸ்பத்திரி சலவைப் பிரிவுக்குப் போய், வழக்கம்போல ஈர விரிப்புகளை உதறி நீராவி இயந்திரத்துக்குள் கொடுத்தாள்.

அவர் மின்சார மீட்டர் கணக்கெடுப்பவர். பகலெல்லாம் படி ஏறி இறங்கி ஊரார் கதையெல்லாம் பேசுவார். வீட்டுக்குள் வந்தால் வாய்க்குப் பூட்டு. ஹாலின் நடுவில் நாற்காலியைப் போட்டு, ஸ்டீரியோவை ஓடவிட்டு, எதிர்ச்சுவரை வெறித்தபடி உட்கார்ந்துவிடுவார். சமையலறையிலிருந்து அந்த முதுகைப் பார்த்தே அவள் குடித்தனத்தை ஓட்டினாள். அவர்களுக்குள் ஒரே ஒரு சண்டைதான், அதுவும் வாய் திறக்காத சண்டை. காலையில் கூட்டும்போது அவள் ஸ்பீக்கர் பெட்டிகளைச் சுவரோடு ஒட்டத் தள்ளிவைப்பாள். சாயங்காலம் அவர் வந்து முன்னால் இழுத்துப் போடுவார். மறுநாள் இவள் தள்ளுவாள். கடைசிவரை இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை.

சாவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் அவர் அந்தப் பெட்டிகளை விற்றுவிட்டு, யாரோ கழித்துக்கட்டிய பெரிய ஜோடி ஒன்றை வாங்கிவந்திருந்தார். உள்ளே வட்டமாக ஒட்டியிருந்த ஃபோம் தொட்டாலே உதிர்ந்தது. கட்டிலடியில் கிடந்த அவற்றை மகள் காலால் தட்டிப் பார்த்தாள்.

"பழைய சாமான்காரன்கிட்ட போட்டுடும்மா."

"வேண்டாம். சரி பண்ணப் போறேன்."

"நீதான் பாட்டே கேக்க மாட்டியே."

"அந்த மனுஷன் அப்படி என்னதான் கேட்டாருன்னு எனக்குத் தெரியணும்."

அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

ரேடியோ ரிப்பேர்காரர் நல்ல மனிதர், ஆசை காட்டவில்லை. "புதுசுன்னா யானை விலைம்மா. ஃபோம் வளையத்தை மாத்திடுவோம். இவ்வளவு பெரிய பெட்டிக்கு உங்க ஸ்டீரியோ பத்தாது, ஆம்ப்ளிஃபயர் பழசுல நல்லதா ஒண்ணு வந்தா எடுத்து வெக்கிறேன். ஸ்டாண்டுக்கெல்லாம் செலவு பண்ணாதீங்க, வீட்டுல ரெண்டு ஸ்டூல் இருக்குமில்ல?" என்றார். அவள் கூடுதல் ஷிப்ட் பார்த்து ஒவ்வொன்றாகச் செய்துமுடித்தாள். நடுவில் ஒருநாள்கூட அது அவளுக்கு ஆசையாக இல்லை, வேலையாகத்தான் இருந்தது.

பெட்டிகளை வைக்க வந்த ரிப்பேர்காரர் தரையைக் குனிந்து பார்த்தார். "யாரோ ஏற்கெனவே இடம் பார்த்து வெச்சிருக்காங்களே. இழுத்த கீறல் கரெக்டா இங்க நிக்குது."

அந்தக் கீறல்களைக் கறை என்று நினைத்து எத்தனையோ தடவை தேய்த்திருக்கிறாள்.

"நடுவுல உக்காருங்கம்மா."

அந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்ததே இல்லை. கணவரின் கேசட் ஒன்றை ரிப்பேர்காரர் போட்டதும் பாட்டு வந்தது. அது பெட்டிகளிலிருந்து வரவில்லை. இரண்டுக்கும் நடுவே, வெறும் சுவருக்கு முன்னால், ஒரு பெண் நின்று பாடினாள். மூச்சை இழுப்பதுகூடக் கேட்டது. சமையலறையில் இத்தனை வருஷம் இரைச்சலாகக் கேட்ட அதே பாட்டு. அப்படியானால் அவர் வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

"சமையல்கட்டுல நின்னா இப்படிக் கேக்காதா?"

"எப்படிம்மா கேக்கும்? இங்க உக்காந்தாத்தான்."

"ரெண்டு பேர் இருந்தா?"

"ஒட்டி உக்காந்தா ரெண்டு பேருக்கும் கேக்கும்."

ஒரு நாளாவது கூப்பிட்டிருக்கலாமே என்று கோபம் வந்தது. தானும் ஒரு நாள் என்னவென்று போய்க் கேட்டிருக்கலாம் என்பது அதற்குப் பிறகு தோன்றியது. அப்போதும் அழுகை வரவில்லை. ரிப்பேர்காரரை அனுப்பிவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள்.

மறுநாள் காலை கூட்டும்போது கை தன்பாட்டில் இரண்டு பெட்டிகளையும் சுவரோடு ஒட்டத் தள்ளியது. அவள் கவனிக்கக்கூட இல்லை, வேலைக்குப் போய்விட்டாள். சாயங்காலம் கதவைத் திறந்து விளக்கைப் போட்டாள்.

பெட்டிகள் சுவரோடு ஒட்டியபடியே இருந்தன. செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதாள்.