மூன்று ஓட்டை போட்ட பெயின்ட் டப்பா

என் அறை ஜன்னலில் ஒரு பெயின்ட் டப்பா இருக்கிறது. அடியில் மூன்று ஓட்டைகள், பிசிறில்லாமல், ஒரே அளவில். போட்டவர் பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் என்னோடு வேலை பார்த்த டிரில்லிங் மெஷின் ஆபரேட்டர். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன்.

எட்டாவதோடு பள்ளியை விட்டவன் நான். எந்த ஊரிலும் ஒரு வருடம் முழுதாக இருந்ததில்லை. அந்தக் கம்பெனியின் பின்சுவருக்கு அப்பால் புல்வெளி. கோடையின் முதல் மழைக்குப் பிறகு அங்கே வெள்ளைப் பூக்கள் எழுந்தன. இலை கிடையாது, தண்டும் பூவும் மட்டும். வாசனை கிரீஸ் நாற்றத்தைத் தாண்டி உள்ளே வந்தது. பெயர் எங்களுக்குத் தெரியாது. லாரி நிறுத்த ஜல்லி கொட்டப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், சாப்பாட்டு நேரத்தில் அண்ணனும் நானும் வெங்காயம் போன்ற ஐந்து கிழங்குகளைத் தோண்டி எடுத்தோம். மறுவாரம் புல்வெளி இல்லை.

மர்பி டவுனில் அண்ணன் வீட்டு வாசலில் நாலடித் தோட்டம். அங்கே ஐந்து டப்பாக்களில் நட்டு, தினமும் தண்ணீர் ஊற்றினார். நான்கு அழுகிவிட்டன. அண்ணி ஒரு டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்தார். "நாள் முழுக்க இரும்புல ஓட்டை போடுறீங்க. இதுக்கு ஒண்ணு போடத் தோணலையா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அண்ணனுக்கு வரவில்லை. "இந்த ஒண்ணும் போச்சுன்னா அந்த எடத்துல இருந்தது எதுவுமே மிச்சமில்ல தம்பி" என்றார். மறுநாள் மிஞ்சிய டப்பாவை மெஷினில் ஏற்றினார்.

மழைக்காலத்தில் இலை விட்டது. பனியில் காய்ந்து மண்ணோடு போனது. எனக்கும் வேலை போனது. கோவாவுக்குக் கிளம்பினேன். "எங்க ஓடுற? ஒரு மழை பாத்துட்டுப் போ" என்றார் அண்ணன். சிவாஜிநகர் சந்தையில் மூட்டை இறக்கி, ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு, இருந்தேன்.

மழை வந்த மூன்றாம் நாள், செத்ததென்று நினைத்த மண்ணிலிருந்து தண்டு எழுந்தது. பொழுது சாயும்போது எங்கள் கண்ணெதிரே இதழ் விரிந்தது. சந்து முழுக்க அந்த வாசனை. மெஷின் சத்தத்தில் கத்தியே பழகிய மனிதர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். நானும் கழற்றினேன்.

அண்ணன் இப்போது மகளோடு அபார்ட்மென்ட்டில் இருக்கிறார். அங்கே வெயில் விழாது என்று டப்பாவை என்னிடம் கொடுத்தார். இந்த அறையில் எனக்கு இது நான்காவது வருடம்.

முந்தாநாள் முதல் மழை. இன்று காலை டப்பாவைத் தூக்கிப் பார்த்தேன். மூன்று ஓட்டையிலும் ஈரம். மேலே விரல் உயரத்துக்கு ஒரு தண்டு. அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"இரு, பஸ் புடிச்சு வரேன். தண்ணி மட்டும் ஊத்திடாத."